450 ரூபாய் குழாயை மாற்றாமல் விட்டார். 68 ஆயிரம் ரூபாய் பறிபோனது!

ஜெமினி பாலத்தில் நின்றுபோன கார்
புதுப்பேட்டை மெக்கானிக் சொன்ன விவரங்கள்

சென்னை ஜெமினி பாலத்தின் மீது ஏறிக்கொண்டிருந்த கார் ஒன்று திடீர் என்று நின்றது. பானெட்டின் இடுக்கில் இருந்து குபுகுபு என்று வெள்ளைப் புகை கிளம்பியது. பின்னால் வந்த பஸ்களும் ஆட்டோக்களும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

கத்தரி வெயில் கொளுத்திய நாள் அது. நேரம் மாலை 7 மணி. ஆபீஸ் விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் வேளை. இதைப் படிப்பவர்களில் சிலர் கூட அந்த நெரிசலில் சிக்கி, "எவன்டா அது, நடு பாலத்துல வண்டிய போட்டது?" என்று திட்டியிருக்கலாம்.

வண்டியைப் போட்டவர் சைதாப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் 48 வயது வியாபாரி. "பேர் மட்டும் போடாதீங்க, கடைக்கு வர்றவன் எல்லாம் துக்கம் விசாரிப்பான்" என்று கேட்டுக்கொண்டதால் பெயர் இங்கே இல்லை. பக்கத்து சீட்டில் அவருடைய மனைவி. பின் சீட்டில் மகள். மறுநாள் காலை கோவையில் அந்தப் பெண்ணுக்கு வேலைக்கான இன்டர்வியூ. சென்ட்ரலில் ராத்திரி ரெயிலைப் பிடிக்க வேண்டும்.

புகையைப் பார்த்ததும் "தீ, தீ!" என்று யாரோ கத்திவிட்டார்கள். அவ்வளவுதான். காரில் இருந்த மூவரும் பதறிக்கொண்டு கீழே குதித்தார்கள்.

பிரேக் பிடிக்கவில்லை

தீ எதுவும் இல்லை. வந்தது புகையும் இல்லை, கொதி ஆவி. ஓடி வந்த டிராபிக் போலீஸ்காரர் பார்த்த உடனே அதைச் சொல்லிவிட்டார். அவர் முதலில் அந்தப் பெண்ணை ஒரு ஆட்டோவில் ஏற்றி சென்ட்ரலுக்கு அனுப்பினார். பிறகு பஸ்சில் இருந்து இறங்கிய நாலு வாலிபர்கள் காரைத் தள்ளினார்கள். பாலத்தின் உச்சி வரை தள்ளுவதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கியது. உச்சியைத் தாண்டியதும் கார் தானாகவே உருண்டது.

அங்கேதான் இன்னொரு ஆபத்து. எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்கு உதவி செய்யும் காற்று விசை ஒன்றிரண்டு மிதிக்குள் தீர்ந்துபோகும். அதன் பிறகு பிரேக் கல்லு மாதிரி ஆகிவிடும். ஸ்டீயரிங்கும் கனக்கும். இது வியாபாரிக்குத் தெரியாது. "பிரேக் பிடிக்கலையே, பிரேக் பிடிக்கலையே" என்று அலறினார். கூடவே ஓடிய போலீஸ்காரர், "ஹேண்ட் பிரேக்கை இழுங்க சார்! காலால பலமா மிதிங்க!" என்று கத்தினார். கீழே இறங்கி ஓரமாக வண்டி நின்றது. யாருக்கும் காயம் இல்லை.

மகளுக்கு ரெயில் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. இழுவை வண்டி பிடித்து காரைப் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது ராத்திரி 11 மணி.

பால் கலந்த காப்பி

புதுப்பேட்டையில் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயது 65-ஐத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். மறுநாள் காலை பாய் வந்து பானெட்டைத் திறந்தார். எஞ்சின் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதை வியாபாரியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஆயில் கறுப்பாகவோ தேன் நிறத்திலோ இல்லை. பால் கலந்த காப்பி போல இருந்தது.

"தண்ணியும் ஆயிலும் ஒண்ணா கலந்துடுச்சு சார். ஹெட்டு போச்சு" என்றார் பாய்.

நடந்தது இதுதான்:-

எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர், ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ரப்பர் குழாய் வழியாக ஓடுகிறது. வருஷக் கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் ஒரு கட்டத்தில் விறைத்துப்போகும், வெடிப்பு விடும். வியாபாரியின் காரில் மேல் குழாய் கிளாம்புக்குப் பக்கத்தில் கீறி, ஒரு வருஷமாகவே சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் காரை எடுத்தால் தரையில் ஈரம் இருக்கும். ஏ.சி. தண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். ஒரு பெட்ரோல் பங்க் பையன், "சார், கூலன்ட் கம்மியா இருக்கு" என்று சொன்னான். வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டில் ஊற்றிக்கொண்டார். பிறகு மாதா மாதம் அதுவே பழக்கமாகிவிட்டது.

சென்னை போர் தண்ணீரின் யோக்கியதை எல்லோருக்கும் தெரியும். வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். தண்ணீர் போகும் பாதை சுருங்கும். கம்பெனி ஊற்றிக் கொடுக்கும் கூலன்ட் வெறும் பச்சைத் தண்ணீர் அல்ல. கொதிநிலையை உயர்த்தவும், உள்ளே துரு பிடிக்காமல் காக்கவும் அதில் மருந்து இருக்கிறது. போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த மருந்து நீர்த்து, ஒரு நாள் இல்லாமலே போய்விடும்.

அன்று சாயங்காலம் சைதாப்பேட்டையில் இருந்தே ஊர்ந்து ஊர்ந்துதான் கார் வந்தது. ஏ.சி. முழு வேகத்தில். நந்தனம் சிக்னலில் சூடு காட்டும் முள் மேலே ஏறியதை மனைவி பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

"இன்னும் பத்து நிமிஷம்தான், சென்ட்ரல் போய் பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்" என்கிறார் வியாபாரி.

அந்தப் பத்து நிமிஷத்தில் கீறல் பிளந்தது. இருந்த தண்ணீர் எல்லாம் கொட்டியது. எஞ்சினின் தலைப்பாகமான 'ஹெட்' அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிய சூட்டில் அது வளைந்துவிடும். வளைந்தால் நடுவில் இருக்கும் கேஸ்கெட் கருகும். தண்ணீரும் ஆயிலும் கலக்கும். சாதாரணமாக ஹெட்டை லேத்தில் கொடுத்து சீவி மட்டம் செய்வார்கள். இந்த ஹெட்டோ சீவ முடியாத அளவுக்கு வளைந்து போயிருந்தது. பிஸ்டனிலும் கீறல்.

வேறு ஹெட், கேஸ்கெட் செட், பிஸ்டன் ரிங், ரேடியேட்டர், ஆயில், லேத் கூலி, மெக்கானிக் கூலி, இழுவை வண்டி. மொத்தம் 68 ஆயிரத்து 400 ரூபாய். மகன் காலேஜ் பீசுக்கு என்று சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது.

புதுக் குழாய் விலை? 450 ரூபாய். ஊருக்கெல்லாம் குழாய் விற்கிறவர் அவர் என்பதுதான் இதில் வேடிக்கை.

முள் ஏறினால் என்ன செய்வது?

பாய் சொல்கிற வழி ரொம்ப சுலபம். முள் சிவப்பை நோக்கிப் போனாலோ, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தாலோ, உடனே ஏ.சி.யை நிறுத்த வேண்டும். ஓரம் கட்ட வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஓரம் கட்ட இடம் இல்லாமல் நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடலாம். வெயில் காலத்தில் ஹீட்டரா என்று சிரிக்கக் கூடாது. எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது காருக்குள் இழுத்துக்கொள்ளும். நமக்கு வேர்க்கும், எஞ்சின் தப்பும்.

எக்காரணம் கொண்டும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது பிரஷர் குக்கர் மாதிரி அழுத்தத்தில் கொதிக்கும் தண்ணீர். அப்படித் திறந்து முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. பாயின் இடது முன்கையில் உள்ள தழும்பும் அப்படி வந்ததுதான். அப்போது அவருக்கு வயது 15. எடுபிடியாகச் சேர்ந்த முதல் வருஷம்.

அம்பாசிடர் காலம்

பாய் தொழில் கற்றது அம்பாசிடரிலும் பியட்டிலும். சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும் கழற்றி மாட்டியிருக்கிறார். அந்தக் காலத்து டிரைவர் காலையில் வந்ததும் முதல் வேலையாக பானெட்டைத்தான் திறப்பார். தண்ணீர் பார்ப்பார், ஆயில் பார்ப்பார். பிறகுதான் வண்டியைத் துடைப்பார். டிக்கியில் தண்ணீர் கேன் இல்லாத அம்பாசிடர் கிடையாது. அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும், பாயின்ட் தேய்க்க வேண்டும், கார்புரேட்டரை ஊதித் துடைக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அடுத்த வாரமே அது நடுரோட்டில் படுத்துவிடும்.

"அது கோவக்கார வண்டி. உடனே காட்டிடும். அதனால எல்லாரும் பயந்து பாத்துக்கிட்டாங்க. இப்போ வர்ற வண்டிங்க ரொம்ப சாது. ரெண்டு வருஷம் பொறுத்துக்கும். அப்புறம் ஒரே நாள்ல கணக்க முடிச்சிடும்" என்கிறார் பாய்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றுபோனது. அதோடு பானெட்டைத் திறக்கும் பழக்கமும் போய்விட்டது போலிருக்கிறது. பானெட் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் மூன்று வருஷமாகக் கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆயுத பூஜை அன்று காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வீடே கூடி நிற்கிறது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

இத்தனைக்கும் அது இரண்டு நிமிஷ வேலை. சமதளத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து நிமிஷம் விட வேண்டும். குச்சியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். கீழ்க் கோட்டுக்கும் கீழே போனால் ஊற்ற வேண்டும். ஊற்றி ஒரு மாதத்தில் மறுபடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது அல்லது எரிகிறது என்று அர்த்தம்.

"நான் அதிகம் ஓட்டுறதே இல்லீங்க, வருஷத்துக்கு 4 ஆயிரம் கிலோ மீட்டர்தான், எனக்கு எதுக்கு சர்வீஸ்?" என்று கேட்பவர்கள் அநேகம் பேர். கம்பெனி கொடுக்கும் புத்தகத்தில் 10 ஆயிரம் கி.மீ. அல்லது ஒரு வருஷம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று பல கார்களுக்குப் போட்டிருக்கிறது. அந்த 'ஒரு வருஷம்' என்கிற வார்த்தையை யாரும் படிப்பதில்லை. அண்ணா சாலையில் நெரிசலில் நிற்கும்போது மீட்டர் ஓடாது, எஞ்சின் ஓடும். ஓடாமல் ஷெட்டில் கிடந்தாலும் ஆயில் கெடும், பேட்டரி இறங்கும், டயர் விறைக்கும். மழைக் காலம் வந்தால் எலி குடும்பத்தோடு குடியேறி ஒயரைக் கடித்துப் போடும்.

ஏற்காட்டில் உயிர் தப்பிய டிரைவர்

எஞ்சின் போனால் பணம்தான் போகும். பிரேக் போனால்?

பாயிடம் வண்டி விடும் டாக்சி டிரைவர் ஒருவர், சென்னையில் இருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனார். சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. சுற்றிப் பார்த்துவிட்டு மத்தியானம் இறங்கினார்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க கியரை நியூட்ரலில் போட்டு, பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்து இறங்கியிருக்கிறார்.

பாதி மலை இறங்குவதற்குள் கருகிய வாடை அடித்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் பஞ்சு போல உள்ளே போனது. இன்னும் ஒரு முறை மிதித்தார். தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

டிரைவர் பழைய லாரிக்காரர். அதனால் நிதானம் தவறவில்லை. கியரை இரண்டாவதில் அடித்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, காரை மலைப் பக்கமாகவே ஒட்டி உரசவிட்டார். இடது பக்கக் கதவு முழுக்க நசுங்கியது. கண்ணாடி நொறுங்கியது. சாலையோரக் கல்லில் மோதி நின்றது. குழந்தைகள் வீறிட்டு அழுதன. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு பாய் அந்தக் காரைப் பிரித்துப் பார்த்தார். பிரேக் பேடு தேய்ந்துதான் இருந்தது, ஆனால் முடிந்துபோகவில்லை. குற்றவாளி பிரேக் ஆயில். வண்டி வாங்கி ஐந்து வருஷமாக அதை மாற்றவே இல்லை.

பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. மழைக் காலத்து உப்பு மாதிரி காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 'டாட் 3' என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். 'டாட் 4' ரகத்துக்கு இது 230-ம் 155-ம். மலை இறக்கத்தில் ஓயாமல் பிரேக் பிடித்தால் அந்த சூடு சர்வ சாதாரணமாக வரும். குழாய்க்குள் ஆயில் கொதித்து ஆவி ஆகும். ஆயிலை அழுத்தினால் அந்த அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும். காலுக்குப் பஞ்சு போலத் தெரிவது அதுதான். கொஞ்ச நேரம் ஆற விட்டால் பிரேக் மறுபடி பிடிக்கும். அதனால்தான் விபத்துக்குப் பிறகு, "இப்போ பிடிக்குதே" என்று எல்லோரும் குழம்புகிறார்கள்.

பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் பில்லைத் தாண்டாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே போகிறவர்கள் எல்லாம் கிளம்பும் முன்பு புளிசோறு கட்டினார்களா என்று பார்க்கிறார்கள். பிரேக்கைப் பார்த்தார்களா என்பது சந்தேகம்.

இன்னொன்று. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைப் பாதை டிரைவர்களின் பாலபாடம். நியூட்ரலில் இறங்கினால் மிச்சமாகிற பெட்ரோல் பூஜ்யம்தான். புதிய கார்களில் கியரில் இறங்கும்போது பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் செலவாகும். அந்த டிரைவர் எதை மிச்சம் பிடிக்க நினைத்தாரோ அதற்கு நேர்மாறாகத்தான் செய்திருக்கிறார்.

கோர்ட்டு என்ன சொல்கிறது?

ஆளை இடித்துவிட்டு "பிரேக் பெயிலியர் சார்" என்று சொன்னால் தப்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். போலீஸ் நிலையங்களில் அன்றாடம் கேட்கும் வார்த்தை இது. ஆனால் விபத்தான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது ஜனங்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்கிறவர், வந்து பரிசோதித்து அறிக்கை கொடுப்பார். பொய் என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

உண்மையாகவே பிரேக் போயிருந்தாலும் சொந்தக்காரருக்கு விடுதலை இல்லை. 1977-ம் ஆண்டிலேயே ஒரு விபத்து நஷ்டஈடு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லிவிட்டது. வண்டியில் கோளாறு என்று வாதாடுகிறவர், அது வெளியே தெரியாத கோளாறு, நியாயமான கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். அதை எப்படிக் காட்டுவது? ஒழுங்காக சர்வீஸ் செய்த பில்லை வைத்துத்தான்!

தேய்ந்த டயர் விஷயமும் இப்படித்தான். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும். அளவுகோல் தேட வேண்டாம். டயர் பள்ளத்துக்குள்ளேயே குறுக்காகச் சின்ன ரப்பர் மேடு இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் கதை முடிந்தது. டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 3219 என்று இருந்தால் 2019-ம் ஆண்டு 32-வது வாரத்தில் செய்தது. காற்று எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் அங்கேயே ஸ்டிக்கரில் இருக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். காற்று குறைந்த டயரோடு கோடை மத்தியானத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டில் 100 கி.மீ. வேகத்தில் பறந்தால் டயர் வெடிப்பதற்கு வேறு காரணம் தேவை இல்லை.

மோசடி ஜாக்கிரதை

சர்வீசுக்கு விட்டால் மட்டும் போதுமா? அங்கேயும் கைவரிசை உண்டு. ஆயில் மாற்றினோம் என்று பில் போட்டுவிட்டு, வண்டியைக் கழுவி மட்டும் கொடுக்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். நல்ல மெக்கானிக்குகளுக்கும் இவர்களால் கெட்ட பெயர்.

பாய் கற்றுக்கொடுக்கும் தந்திரம் இது. வண்டியை விடும்போதே, "பழைய பில்டர், பழைய பேடு எல்லாம் எனக்கு வேணும், டிக்கியில போட்டு வையுங்க" என்று சொல்லிவிட வேண்டும். முடிந்தால் பழைய பில்டரில் ஒரு பேனாக் கோடு போட்டுவிட்டு வரலாம். திரும்பி வாங்கும்போது கோடு போட்ட பில்டர் இன்னும் எஞ்சினிலேயே இருந்தால், அப்புறம் நியாயம் கேட்டுக்கொள்ளலாம்.

காலி ஆயில் டப்பாவையும் வாங்கி ஓட்டை போட வேண்டும். காரணம், பெரிய கம்பெனி டப்பாக்களை வாங்கி, கழிவு ஆயிலை வடிகட்டி ஊற்றி, புது மூடி போட்டு விற்கும் கும்பல்களும் உண்டு. ஆயிலோ பிரேக் பேடோ, பில் கொடுக்கும் கடையில்தான் வாங்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கும் பிரேக் பேடு எதனால் செய்தது என்று விற்கிறவனுக்கே தெரியாது.

சைதாப்பேட்டை வியாபாரியும் ஒரு வகையில் ஏமாந்தவர்தான். அவர் அந்தக் காரை வாங்கியது செகண்ட் ஹேண்டில். மீட்டரில் 48 ஆயிரம் கி.மீ. காட்டியது. சர்வீஸ் புத்தகம் கேட்டதற்கு, வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார்கள். நம்பிவிட்டார். பாய் பிரேக் பெடலின் ரப்பரைக் காட்டினார். வரிகள் எல்லாம் தேய்ந்து வழுவழு என்று இருந்தது. ஸ்டீயரிங் தோலும் அப்படியே. "இது லட்சத்தைத் தாண்டின வண்டி சார். மீட்டரைத் திருப்பிட்டாங்க. பெடலைத் திருப்ப மறந்துட்டாங்க" என்றார். சர்வீஸ் பில்களை ஒரு பையில் போட்டு வைத்திருக்கும் காருக்கு விற்கும்போது மதிப்பு கூடுவது இதனால்தான்.

மழை வரும் முன்பு

2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தையும், 2023-ம் ஆண்டு டிசம்பரில் வந்த 'மிச்சாங்' புயலையும் சென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். கார்கள் கட்டுமரம் போல மிதந்தன. அந்த பயத்தில்தான் 2024-ம் ஆண்டு அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தினார்கள்.

தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய தவறு. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால், சாவியைத் திருப்பிய மறு நிமிஷம் உள்ளே ராடு வளைந்துவிடும். இன்சூரன்சில் எஞ்சினுக்கு என்று தனியாகப் பணம் கட்டாதவர்களுக்கு இந்த நஷ்டஈடு கிடைப்பது கஷ்டம். சாவியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்குக் காசு இல்லை. மழைக்கு முன்பு வைப்பர் ரப்பரையும், பின்பக்க விளக்குகளையும் பார்த்துவிடலாம்.

மாதம் 500 ரூபாய்

சம்பளக்காரருக்கு ஒரே சமயத்தில் 5 ஆயிரம், 6 ஆயிரம் என்று எடுப்பது கஷ்டம்தான். அதனால்தான் "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். பாயிடம் வரும் தலைமைச் செயலக குமாஸ்தா ஒருவர், மாதம் 500 ரூபாயை ஒரு டப்பாவில் போட்டுவிடுகிறார். வருஷத்துக்கு 6 ஆயிரம். அவருடைய சின்ன பெட்ரோல் காரின் வருஷ சர்வீஸ் அதில் முடிந்துவிடுகிறது. மீதி இருந்தால் பேட்டரி கணக்கில் சேர்ந்துவிடும். அவர் கார் 2011-ம் ஆண்டு மாடல். இதுவரை ஒரு நாள் கூட அது இழுவை வண்டி ஏறியதில்லை.

சைதாப்பேட்டை வியாபாரி வளைந்த ஹெட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். கீறல் விட்ட குழாயை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார். இப்போது அது கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வந்தவர்கள் சரக்கு என்று நினைத்து விலை கேட்கிறார்கள். "68 ஆயிரத்து 400" என்கிறார் கடைப் பையன். முதலாளி சொல்லிக் கொடுத்தது.

மகளுக்குக் கோவை வேலை கிடைத்துவிட்டது. மகனின் காலேஜ் பீசுக்கு மச்சானிடம் கடன் வாங்கிக் கட்டினார்கள். அந்தக் கடனில் இன்னும் 20 ஆயிரம் பாக்கி இருக்கிறது.